இல்லம் திரும்பிய இராமாநுஜன்

கல்வியின் பொருட்டுக் கடல்கடந்து செல்வோரை வழியனுப்பத் திரளும் சுற்றத்தார் பலர். பட்டமும் புகழும் பெற்று அவர் மீளுங்கால் மாலையுடன் எதிர்கொள்வோரும் பலர். ஆனால், அம்மாலை வாடிய மறுநாட் காலையில் தொடங்கும் வாழ்க்கையைப்பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலரேயாவர். சென்றவர் சென்றபடியே திரும்புவதில்லை. இல்லமோ சென்றவரையே எதிர்பார்த்து நிற்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு சிலர்க்குக் கடலினும் பெரிதாய்விடுதலும் உண்டு. கணித மேதை சீநிவாச இராமாநுஜனது வரலாறு இதற்குச் சான்றாகும். அவரது கணிதத்திறனைப் போற்றும் நூல்கள் பல உள. தாயகம் மீண்டபின் அவர் உயிர்வாழ்ந்த பதின்மூன்று திங்களின் வரலாற்றையே ஈண்டு யாம் கூறப் புகுகின்றோம்.

இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தோன்றினார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையொன்றில் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் உறுதிமிக்க உள்ளத்தினர். மகன்பால் எல்லையற்ற அன்பினர். கணிதம் ஒன்றிலேயே ஆழ்ந்து பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் இராமாநுஜன் கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்றார். 1909-இல் அவருக்கும் ஜானகி என்னும் பத்து வயதுச் சிறுமிக்கும் மணம் நிகழ்ந்தது. 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே அவரது வாழ்வின் திருப்பமாயிற்று.

வைணவ அந்தணர் குடியிற் பிறந்த ஒருவர் கடல்கடத்தல் அக்காலத்திற் சிறிய செயலன்று. சாதிவிலக்கு நேரும் என்ற அச்சம் இருந்தது. தாயார் முதலில் இசைந்திலர். நாமகிரித் தாயார் கனவில் தோன்றி இசைவளித்ததாகக் கூறிய பின்னரே மகனுக்கு விடையளித்தார். பயணத்திற்குமுன் இராமாநுஜன் குடுமி களைந்து, மேனாட்டு உடை பூண்டார். அக்கோலத்தைத் தாயும் மனைவியும் காணலாகாதென்று அவர்களை முன்னரே கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச்சு 17-ஆம் நாள் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் அவர் கழித்த ஐந்தாண்டுகளும் புகழும் துன்பமும் ஒருங்கே விளைத்தன. 1916-இல் பட்டம் பெற்றார். 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராகவும், பின்னர் டிரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஆயினும், மரக்கறி உணவன்றிப் பிறிது கொள்ளாத அவர் தமக்குத் தாமே சமைத்துண்ணல் வேண்டியதாயிற்று. முதல் உலகப்போரால் காய்கனிகள் அரியவாயின. நேரங்கெட்ட உணவும், குளிரும், தனிமையும் உடலை வருத்த, 1917 முதல் மருத்துவ விடுதிகளிலேயே பெரும்பொழுது கழிந்தது. வீட்டுக் கடிதங்களும் குறைந்தன. மாமியார்க்கும் மருமகளுக்கும் இடையே இணக்கமின்மையால், ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு எட்டவில்லை. மனைவி தம்மை மறந்தாள்போலும் என அவரும், கணவர் தம்மை மறந்தார்போலும் என அவளும் வருந்திக் கிடந்தனர்.

போர் ஓய்ந்தபின் அவரைத் தாயகத்திற்கு அனுப்புதலே நலமெனத் துணிந்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டொன்றுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க முன்வந்தது. நோய்ப்படுக்கையிலிருந்த இராமாநுஜன் 1919 ஜனவரியில் பல்கலைக்கழகத்திற்கு ஒரு கடிதம் வரைந்தார். பெற்றோர்க்கு ஆண்டுதோறும் 50 பவுன் அளித்து, தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்க்கும் அநாதைகளுக்கும் கல்விக் கட்டணத்திற்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்துமாறு அதில் வேண்டினார். அன்று தேர்வில் தோற்று, வறுமையில் வாடியதை அவர் மறந்திலர்.

1919 மார்ச்சு 27-ஆம் நாள் கப்பல் பம்பாய்த் துறையை அடைந்தது. தாயும் தம்பியும் எதிர்கொண்டனர். இராமாநுஜனது கண்கள் மூன்றாமவரைத் தேடின. ஜானகி எங்கே என்று வினவினார். அவர் பிறந்தகத்தில் இருந்தார். சின்னாட்களுக்குப் பின்னரே சென்னைக்கு வந்து கணவரைக் கண்டார். பதினைந்து வயதில் விட்டுச்சென்ற மனைவி இருபது வயது நங்கையாய் நின்றார். அவர் முன் நின்ற கணவரோ உடல் மெலிந்து நோயால் வாடியிருந்தார்.

மயிலாப்பூர் அவரை மதிப்புடன் வரவேற்றது. இப்பொழுது டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என வழங்கும் எட்வர்டு எலியட்சு சாலையில் செல்வர் ஒருவரது மாளிகையிலும், பின்னர் லஸ் சர்ச் சாலையில் வேங்கட விலாசம் என்னும் இல்லத்திலும் அவர் தங்கினார். சிலவாண்டுகட்கு முன் திருவல்லிக்கேணிச் சிறுவீட்டில் வாழ்ந்து, தாள் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு அழித்தவர்க்கு இவ்வசதிகள் தாமே வந்தெய்தின. பொருளில்லை என்ற குறை இனி இல்லை. ஆனால் நோய் தணியவில்லை. இல்லத்திற் பகையும் தணியவில்லை. கடல்கடந்த குற்றம் நீங்க இராமேசுவரம் சென்று கழுவாய் செய்தல் வேண்டுமெனத் தாயார் கருதியிருந்தார். அப்பயணத்திற்கு அவரது உடல் இடந்தரவில்லை. ஆதலின், உலகம் போற்றிய அவர், வைதிகச் சுற்றத்தாரின் கண்ணில் விலக்குடையவராகவே இருந்துவிட்டார்.

கோடை வெப்பம் மிகவே, காவிரிக்கரையிலுள்ள கொடுமுடிக்கு அவரை அழைத்துச் சென்றனர். ஆங்கு நிகழ்ந்த ஒன்று சிறிதேயாயினும் கருதத்தக்கது. ஆவணி அவிட்டத்தன்று அவர் ஆற்றங்கரைக்குப் புறப்பட, ஜானகியும் உடன்செல்ல விழைந்தார். மாமியார் தடுத்தார். அதுகாறும் தாயின் சொல்லைத் தட்டியறியாத மகன், மனைவி உடன்வருதல் வேண்டுமென்று அமைதியாகவும் உறுதியாகவும் கூறிவிட்டார். ஐந்தாண்டுப் பிரிவு அவரிடத்து விளைத்த மாறுதல் உடையிலும் குடுமியிலும் இல்லை. இவ்வொரு சொல்லிலேதான் இருந்தது. ஜானகியும் தம்முடன் இங்கிலாந்திற்கு வந்திருந்தால் தாம் நோயுற்றிருக்கமாட்டார் என்றும் அவர் மனைவியிடம் கூறியதுண்டு.

பின்னர்க் கும்பகோணத்திலும், 1920 ஜனவரி முதல் சென்னைச் சேத்துப்பட்டிலும் சிகிச்சை தொடர்ந்தது. அன்றைய மருத்துவர் காசநோய் எனக் கருதினர். ஈரலைப் பற்றிய அமீபா நோயாகலாம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து. ஜானகி அம்மாள் வேளைதோறும் உணவூட்டி, ஒத்தடமிட்டு, இரவும் பகலும் அருகிருந்து பேணினார். நோவின் நடுவே இராமாநுஜன் எழுதிக் கழித்த தாள்களைத் திரட்டிப் பெட்டியிற் சேர்த்தவரும் அவரே. அவற்றின் பொருள் இன்னதென அவர் அறியார். ஆயினும் அவை போற்றத்தக்கன என்பதை அறிந்திருந்தார். 1920 ஜனவரி 12-ஆம் நாள், போலித் தீட்டாச் சார்புகள் எனத் தாம் புதிதாகக் கண்டவற்றை விளக்கி ஹார்டிக்கு எழுதினார். அதுவே அவரது இறுதிக் கடிதம். ஏப்ரல் 26-ஆம் நாள் காலை, தமது 32-ஆம் வயதில், சேத்துப்பட்டில் உயிர்நீத்தார். கடல்கடந்தவரென்ற காரணத்தால் சுற்றத்தார் பலர் ஈமச்சடங்கிற்கு வந்திலர்.

அவர் இறுதியாண்டில் எழுதிய தாள்கள் பலவற்றைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923-இல் ஹார்டிக்கு அனுப்பியது. அவை நெடுங்காலம் உலகின் கண்ணுக்கு மறைந்து கிடந்து, 1976-இல் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூசு என்னும் அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் அறுநூற்றிற்கு மேற்பட்ட சூத்திரங்கள் இருந்தன. போலித் தீட்டாச் சார்புகளின் உள்ளியல்பு 2002-இல்தான் ஒருவாறு தெளிவாயிற்று. இருபத்தோராம் வயதிற் கணவரை இழந்த ஜானகி அம்மாளோ, தையற்றொழிலால் வாழ்க்கை நடத்தித் திருவல்லிக்கேணியில் நெடுநாள் வாழ்ந்து, 1994-இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நும்மிற் சிலர் நாளை கடல்கடந்து சென்று மீள்வீர். பலர் மீள்வோரை எதிர்கொள்வீர். மீள்பவர்க்கு மாளிகையும் மாலையும் பல்கலைக்கழக உதவியும் தந்துவிட்டால் கடன் கழிந்ததென எண்ணற்க. இராமாநுஜற்கு இவையாவும் கிடைத்தன. கிடைத்தற்கரியதாயிருந்தது, மாறிவந்த மனிதரை மாறியவராகவே ஏற்றுக்கொள்ளும் மனம் ஒன்றே. வழக்கமும் சுற்றமும் தர மறுத்த அதனை, இளம்பெண் ஒருத்தி ஒரு நோயறையின் மூலையில் அமர்ந்து தந்தாள். மீண்டவர் இல்லத்தை நோக்கிப் பல்லாயிரங் கல் வந்துவிட்டார். எஞ்சிய ஓரடியை இல்லம் அவரை நோக்கி எடுத்துவைத்தல் வேண்டும்.