இலேனெக் வைத்தியர்

வைத்தியர்கள் மார்பில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப் என்னுங் கருவியை ஆக்கியவர் ரெனே இலேனெக் என்பதை நம் உபாத்தியாயர்கள் அறிவர். அவர் 1781-ம் ஆண்டு பிரான்சு தேசத்துப் பிரித்தானி நாட்டிலே கெம்பேர் என்னும் ஊரிற் பிறந்தவர். சிறுவயதிலே தாயை இழந்து, நாந்து நகரில் வைத்தியராயிருந்த சிறிய தந்தையாரிடம் வளர்ந்தார்.

நாம் ஈண்டு முதலிற் சொல்ல விரும்புவது கருவியைப் பற்றியதன்று. 1814-ம் ஆண்டு நெப்போலியனது யுத்தத்திற் காயமுற்றோரும் தொற்றுச்சுரங் கண்டோருமாய்ப் போர்வீரர் பலர் பாரிசு நகரத்து வைத்தியசாலைகளில் நிரம்பினர். அவர்களுட் பிரித்தானி நாட்டுக் கிராமத்து இளைஞர் பலர் பிரெஞ்சு மொழி அறியாதவர். நோகும் இடம் இதுவென்று சொல்லவும் வகையின்றிக் கிடந்தனர். இலேனெக் அவர்களைச் சல்பேத்திரியேர் வைத்தியசாலையில் ஒருங்கு சேர்ப்பித்து, அவர்கள் மொழியிலேயே பேசிச் சிகிச்சை செய்தார். அம்மொழியை அவர் முன்னரே முயன்று கற்றிருந்தார். சுரத்திற் கிடக்கும் பிள்ளை எம்மொழியிற் பிதற்றுமென்பது, பிறமொழிப் பாடசாலையிற் பயின்ற நமக்குத் தெரியாததன்று.

1816-ல் நெக்கேர் வைத்தியசாலையில் இருதயநோயுற்ற இளம்பெண்ணொருத்தி வந்தாள். அவள் மார்பிற் செவி வைத்தல் தகாதென நாணி, கடுதாசியைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஒலி தெளிவாய்க் கேட்டது. பின்னர் மரக்குழல் செய்து, நோயாளர் படுக்கைதோறும் கேட்டறிந்தவற்றை 1819-ல் நூலாக்கினார்.

1826-ல் அவர் உறவினர் ஒருவர் அக்குழலை அவர் மார்பில் வைத்துக் கேட்டுச் சயரோகத்தை அறிந்தார். இலேனெக் பிரித்தானி நாட்டுக்கு மீண்டு, ஆகஸ்டு 13-ந் திகதி அங்கே இறந்தார். குழல் அவ்வுறவினருக்காயிற்று.