கைம்மையை வென்ற கல்வி

பெண் குழந்தை ஒன்றின் எதிர்காலம், அக்குழந்தையைத் தவிர மற்ற அனைவராலும் முடிவு செய்யப்பட்ட காலம் ஒன்று தமிழகத்தில் இருந்தது. எத்தனை வயது வரை படிப்பது, யாரை மணப்பது, எதை உடுத்துவது, எங்கே நடமாடுவது ஆகிய எவற்றிலும் அவளுடைய விருப்பம் கேட்கப்பட்டதில்லை. அம்முடிவுகளுள் மிகக் கொடியது குழந்தை மணம். அதனால் விளையாடும் பருவத்திலேயே கைம்மை எய்திய சிறுமியர் பலருக்குக் கல்வியின் வாயிலைத் திறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. அவரும் அச்சிறுமியருள் ஒருவராக இருந்தவர்.

பிறப்பும் இளமையும்

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். பெற்றோர் சுப்பிரமணியம், விசாலாட்சி ஆவர். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த அக்குடும்பம், தந்தையின் அரசுப் பணி காரணமாகச் சென்னையில் வாழ்ந்து வந்தது. இளமையிலேயே அவருடைய அறிவுக் கூர்மை வெளிப்பட்டது. ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்புக்குரிய பொதுத் தேர்வை எழுதிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் முதலிடம் பெற்றார்.

ஆண்பிள்ளை ஒருவன் அத்தகைய வெற்றியைப் பெற்றிருப்பின், அவனை மேற்படிப்புக்கு அனுப்புவதைப் பற்றியே வீட்டில் பேச்சு எழுந்திருக்கும். பெண்பிள்ளை என்பதால் திருமணப் பேச்சு எழுந்தது. பூப்பெய்தும் முன்னரே மகளை மணம் செய்து கொடுக்கவில்லையெனில் பெற்றோர் பழிக்கும் சாதி விலக்கிற்கும் ஆளாக நேரும் என்ற அச்சம் அந்தணர் குடும்பங்களில் வேரூன்றியிருந்தது. பதினோரு வயதளவில் சுப்புலட்சுமிக்கு மணம் நடந்தது. மணவாழ்க்கை தொடங்குவதற்கு முன்னரே கணவர் இறந்த செய்தி வந்தது.

கைம்மை என்னும் தண்டனை

கைம்பெண்ணிடம் அன்றைய சமுதாயம் எதிர்பார்த்தவை பல. கூந்தலைக் களைதல் வேண்டும். பூவும் பொட்டும் அணிகலனும் துறத்தல் வேண்டும். நிறமற்ற ஆடையை உடுத்தல் வேண்டும். ஒருவேளை உணவே உண்ணுதல் வேண்டும். திருமணம் முதலிய மங்கல நிகழ்ச்சிகளில் அவள் முகம் தென்படலாகாது. தெருவில் எதிர்ப்பட்டாலும் அபசகுனம் என்று ஒதுங்கினர். மனைவியை இழந்த ஆடவனோ சில திங்களில் மறுமணம் செய்துகொண்டான். அதனை எவரும் குறை கூறவில்லை.

சுப்புலட்சுமியின் பெற்றோர் வேறு வழியைத் தேர்ந்தனர். மகளின் கூந்தலைக் களையும் சடங்கிற்கு அவர்கள் இசையவில்லை. அவளை இருட்டறையில் முடக்கவும் விரும்பவில்லை. தந்தை தாமே மகளுக்குப் பாடம் கற்பித்தார். பின்னர்க் கிறித்தவத் துறவியர் நடத்திய பள்ளியில் சேர்த்தார். கைம்பெண் கல்வி கற்பதையே ஏற்காத சுற்றத்தார்க்கு, வேற்றுச் சமயத்தார் பள்ளியில் அவள் கற்பது பெருங்குற்றமாகப் பட்டது. அவர்களின் ஏச்சையும் ஒதுக்கலையும் குடும்பம் பொறுத்துக்கொண்டது. இளம் வயதிலேயே கைம்மை எய்தி அவ்வீட்டில் வாழ்ந்த சித்தி வாலாம்பாள், சுப்புலட்சுமிக்கு உற்ற துணையாக இருந்தார்.

சுப்புலட்சுமி சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1911ஆம் ஆண்டு முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்னும் பெருமை அவரை வந்தடைந்தது.

இரு குறைகளும் ஒரு தீர்வும்

பட்டம் பெற்றவர் தம் வாழ்வை மட்டும் செம்மைப்படுத்திக்கொண்டு அமைந்திருக்கலாம். ஆனால், தமக்குக் கிடைத்த பெற்றோர் வாய்க்காமல் வீட்டின் பின்கட்டில் முடங்கிக் கிடந்த சிறுமியரை அவர் மறக்கவில்லை.

அக்காலத்தில் இரண்டு குறைகள் அருகருகே இருந்தன. பெண்கள் பள்ளிகளில் கற்பிக்கப் பெண் ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லை. ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்குப் பருவமெய்திய பெண்ணை அனுப்பப் பெற்றோர் இசையவில்லை. ஆதலால் பெண் கல்வி தொடக்க நிலையிலேயே நின்றுவிட்டது. மற்றொரு புறம், இளம் கைம்பெண்கள் பிறந்த வீட்டில் ஊதியமற்ற வேலைக்காரிகளாகக் காலம் கழித்தனர். கைம்பெண்களை ஆசிரியர்களாக்கினால் இரு குறைகளும் ஒருங்கே நீங்கும் என்பதைச் சுப்புலட்சுமி உணர்ந்தார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராகப் பணியாற்றிய கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அயர்லாந்துப் பெண்மணியும் அவ்வெண்ணமே கொண்டிருந்தார். அவருடைய ஆதரவால் அரசின் உதவியும் கிட்டியது.

1912ஆம் ஆண்டு சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. எழும்பூரில் தம் குடும்பத்தார் வாழ்ந்த இல்லத்திலேயே சில சிறுமியரைச் சேர்த்துக்கொண்டு கைம்பெண்களுக்கான இல்லத்தைச் சுப்புலட்சுமி தொடங்கினார். உணவும் பராமரிப்பும் வாலாம்பாளின் பொறுப்பாயின. சிறுமியரின் தொகை பெருகவே இல்லம் திருவல்லிக்கேணிக்கு மாறியது. பின்னர்க் கடற்கரைச் சாலையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நிலைபெற்றது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட கட்டடம் அது. 1897ஆம் ஆண்டு விவேகானந்தர் தங்கியிருந்ததும் அங்கேயே. சன்னலோரத்தில் நிற்கவும் தடைவிதிக்கப்பட்டிருந்த சிறுமியர், அக்கட்டடத்தில் கடலைக் கண்டவாறு பாடம் படித்தனர்.

விட்டுக்கொடுத்தலும் விரிந்த நோக்கும்

இல்லத்தை நடத்துவது எளிதாக இருக்கவில்லை. ஒரு கைம்பெண் எதிர்ப்படுவதையே தீய நிமித்தமாகக் கருதிய தெருக்களில், பலர் ஒன்றுசேர்ந்து பள்ளிக்குச் செல்வதை மக்கள் எங்ஙனம் பொறுப்பர்? மகளை அனுப்ப விரும்பிய பெற்றோரும் ஆசாரம் கெடுமோ என அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்க, உணவிலும் நோன்பிலும் பழைய வழக்கங்களைச் சுப்புலட்சுமி இல்லத்தில் கடைப்பிடித்தார். சிறு வழக்கங்களில் விட்டுக்கொடுத்துக் கல்வி என்னும் பெரும்பயனை அவர் ஈட்டினார்.

அந்தணச் சிறுமியர்க்கு மட்டுமே அவ்வில்லம் இடமளித்தது என்னும் குறை கூறப்பட்டதுண்டு. அக்குறையில் உண்மை இருந்தது. எனினும், அவருடைய பணி அவ்வெல்லைக்குள் நின்றுவிடவில்லை. கடற்கரைக் குப்பத்தில் வாழ்ந்த மீனவர் குழந்தைகளுக்கு அவர் பள்ளி தொடங்கினார். 1922ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வராகப் பொறுப்பேற்றார். வயது மிகுந்த காரணத்தால் பள்ளியில் இடம்பெற இயலாத மகளிர்க்குச் சாரதா வித்தியாலயம் வழிகாட்டியது. அப்பள்ளி 1938ஆம் ஆண்டு இராமகிருஷ்ண மடத்தாரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது.

வேரைக் களையும் முயற்சி

கைம்பெண்களுக்கு இல்லம் அமைப்பது நோய்க்கு மருந்திடுவதாகும். நோயின் வேர் குழந்தை மணத்தில் இருந்தது. அரசுப் பணியில் இருந்தமையால் இந்திய மாதர் சங்கம் போன்ற அமைப்புகளில் சுப்புலட்சுமி வெளிப்படையாகப் பங்கேற்க இயலவில்லை. ஆயினும், மண வயதை ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் சான்றளித்தார். 1929ஆம் ஆண்டு நிறைவேறிய குழந்தை மணத் தடைச் சட்டம், பெண்ணின் மண வயதைப் பதினான்காகவும் ஆணின் மண வயதைப் பதினெட்டாகவும் வரையறுத்தது. அச்சட்டத்தை முன்மொழிந்தவர் ஹர்பிலாஸ் சார்தா. சுப்புலட்சுமி பிறந்த அதே 1886ஆம் ஆண்டில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி, சட்டமன்றத்திலும் மேடையிலும் பெண்ணுரிமைக்காகப் போராடினார். சுப்புலட்சுமியோ வகுப்பறையைத் தம் களமாகக் கொண்டார்.

பிற்காலம்

பணி ஓய்வுக்குப் பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கல்வியை இடையில் இழந்த மகளிர்க்காக 1942ஆம் ஆண்டு மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையத்தை நிறுவினார். 1952 முதல் 1956 வரை சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினராக விளங்கினார். இந்திய அரசு 1958ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

சமயத் துறவு மேற்கொள்ளாத அவரை மக்கள் சகோதரி என்றே அழைத்தனர். குடும்பத்தார்க்குச் சுமை எனக் கருதப்பட்ட சிறுமியர், அவருடைய இல்லத்திலிருந்து ஆசிரியர்களாக வெளிவந்தனர். தம் ஊதியத்தில் தாம் வாழ்ந்தனர். பிற பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தனர். தெருவில் எதிர்ப்படலாகாது என்று விலக்கப்பட்டவர்களின் வருகைக்காக வகுப்பறைகள் காத்திருந்தன.