தாமதமாக வந்த பட்டம்

சதுரங்கப் பலகையில் இருவருக்கும் 16 காய்கள்தான். ஆனால் அந்தப் பலகைக்கு வந்து சேரும் வழி எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. இதற்கு மீர் சுல்தான் கானின் வாழ்வு ஒரு சாட்சி.

இன்று பாகிஸ்தானில் உள்ள மித்தா திவானா என்ற ஊரில், 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் இவர். தந்தையிடம் நம் நாட்டு முறைச் சதுரங்கம் கற்றார். அதில் சிப்பாய் முதல் நகர்வில்கூட ஒரு கட்டம்தான் போகும். நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் இவரது திறமையைக் கண்டு ஆதரித்தார். 1928ல் அகில இந்தியப் பட்டம் வென்ற இவரை அடுத்த ஆண்டு இலண்டனுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கு எதிரே அமர்ந்தவர்கள், தொடக்க ஆட்டங்களை நூல்களில் படித்துத் தேர்ந்தவர்கள். இவரோ ஐரோப்பிய விதிகளுக்கே புதியவர். குளிரும் மலேரியாவும் வேறு வாட்டின. ஆயினும் 1929லேயே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933லும் அப்பட்டம் இவருக்கே.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாயிருந்த காப்பாபிளாங்காவைச் சந்தித்தார். அவசரப்படாமல், சிறிது சிறிதாக நெருக்கி, 65 நகர்வுகளில் வென்றார். 1931ல் 12 ஆட்டங்கள் கொண்ட போட்டியில் தார்த்தகோவரையும் வீழ்த்தினார்.

1933 இறுதியில் தம்மை ஆதரித்தவரோடு நாடு திரும்பினார். அத்துடன் உலக அரங்கம் இவருக்கு மூடிக்கொண்டது. 1950ல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது, தார்த்தகோவர் பெயர் இருந்தது. சுல்தான் கான் பெயர் இல்லை. 1966ல் இறந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024ல் வந்தது, 58 ஆண்டுகள் கழித்து.

ஒருவரின் ஆதரவு அவரைப் பலகைக்குக் கொண்டுவந்தது. அந்த ஒருவர் ஊர் திரும்பியதும் ஆட்டம் நின்றது. திறமை ஒரு தனிமனிதரின் தயவில் மட்டும் நின்றால் முடிவு இதுதான்.

எர்ணாவூர்ப் பக்கம் மீனவர், ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒன்று போட்டிக்குச் செல்லும்போது, எதிரே பயிற்சியாளரும் கணினியும் வாய்த்த பிள்ளை அமர்ந்திருக்கலாம். நம் பிள்ளை தோற்றாலும், அடுத்த போட்டிக்குப் போகப் பேருந்துக் கட்டணமும், சொல்லித்தர ஓர் ஆசிரியரும் கிடைக்கும்படி ஊராகச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாமே. செய்ய வேண்டியதை அவர்கள் விளையாடும் வயதிலேயே செய்வோம்.