மேரி கியூரி அம்மையார் எந்த ஊர்க்காரர்?



ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட மேரி கியூரி என்று சொல்லி விடுவார்கள். அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால்தான் சண்டை வரும். போன வாரம் எங்கள் வகுப்பில் அப்படித்தான் ஆச்சு. பாதிப் பேர் பிரான்சு என்றோம், பாதிப் பேர் போலந்து என்றோம். அறிவியல் ஆசிரியை, நீங்களே தேடிப் படிச்சுட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. படித்துப் பார்த்தேன். இரண்டுமே சரிதான். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

அவருடைய பிறந்த பெயர் மரியா ஸ்குவோடோவ்ஸ்கா. 1867 நவம்பர் 7-ஆம் நாள் வார்சா நகரில் பிறந்தார். (நம் சர். சி. வி. ராமன் பிறந்ததும் நவம்பர் 7 தான்!) அப்போது உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. பக்கத்து நாடுகள் மூன்றும் அதைப் பங்கு போட்டுக் கொண்டன. வார்சா ரஷ்யாவின் கையில் இருந்தது. பள்ளியில் ரஷ்ய மொழியில்தான் படிக்க வேண்டும். போலந்து வரலாற்றை ஒளித்து வைத்துத்தான் பாடம் நடத்துவார்கள். ஆய்வாளர் வந்தால் புத்தகங்களை மறைத்துவிட்டு, நன்றாகப் படிக்கும் மரியாவை எழுப்பி ரஷ்ய மன்னர்களின் பெயர்களை ஒப்பிக்க வைப்பார்கள். தப்பில்லாமல் ஒப்பிப்பார். ஆய்வாளர் போனதும் அழுவார்.

அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. அதனால் அக்கா பிரோன்யாவும் அவரும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். முதலில் அக்கா பாரிசுக்குப் போய் மருத்துவம் படிப்பது, தங்கை பணக்கார வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் அனுப்புவது, அப்புறம் அக்கா தங்கையைப் படிக்க வைப்பது. அப்படியே 1891-இல் மரியா பாரிசுக்குப் போனார். 1893-இல் இயற்பியல், 1894-இல் கணிதம் என்று இரண்டு பட்டம் வாங்கினார்.

1894-இல் பியரி கியூரியைச் சந்தித்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோது மரியா உடனே சம்மதிக்கவில்லை. படித்து முடித்து ஊருக்கே திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அப்படியானால் நானே போலந்துக்கு வந்துவிடுகிறேன் என்று பியரி சொன்னாராம். இந்த இடத்தை நான் இரண்டு தடவை படிச்சேன். நம்ம பக்கம் மாப்பிள்ளை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் போலந்துக்காரர்கள் வாழ்ந்த கிராக்கோவ் நகரப் பல்கலைக்கழகத்தில் மரியா வேலை கேட்டபோது, பெண் என்பதால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தார். 1895 ஜூலை 26-இல் கல்யாணம் நடந்தது. வெள்ளை உடுப்பு வேண்டாம், ஆய்வகத்துக்கும் போட்டுக்கொள்ளலாம் என்று கருநீல உடுப்பு வாங்கினார். வந்த அன்பளிப்புப் பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி, அதிலேயே தேனிலவுக்குப் போனார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றையப் பிரெஞ்சுச் சட்டப்படி, வெளிநாட்டுப் பெண் பிரெஞ்சு ஆணைக் கல்யாணம் செய்தால் அந்த நிமிடமே பிரெஞ்சுக் குடிமகள். மனு எழுதவும் வேண்டாம், வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். அதே சட்டம், பிரெஞ்சுப் பெண் வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டால் பெரும்பாலும் அவளுடைய குடியுரிமையைப் பறித்துவிடும். ஆணுக்கு அப்படி எதுவும் இல்லை. பெண் எந்த நாடு என்பதை அவள் புருஷன் நாடுதான் முடிவு செய்தது. 1927-இல்தான் இந்தச் சட்டத்தை மாற்றினார்கள்.

கல்யாணம் ஆனதும் நம்ம ஊரில் ரேஷன் கார்டில் பெயரை எடுத்து மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் சேர்ப்பார்களே, அது மாதிரிதான் எனக்குத் தோன்றியது. கார்டில் பெயர் மாறிவிடும். ஊர் வாய் மாறாது. எங்க அம்மா இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து 16 வருஷம் ஆச்சு. குழாயடியில் சண்டை வந்தால் இன்னமும் அசலூர்க்காரிதான்.

மேரி அம்மையாருக்கும் அதேதான் நடந்தது. 1898-இல் கணவனும் மனைவியும் புதிய தனிமம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தார்கள். வரைபடத்தில் இல்லாத நாட்டின் பெயர் தனிம அட்டவணையில் ஏறிவிட்டது! அதே வருஷம் ரேடியம். 1903-இல் நோபல் பரிசு. அப்போது பிரான்சு நாடே எங்கள் மேரி என்று கொண்டாடியது. 1906-இல் பியரி தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். அவர் பார்த்த வேலையை மேரி ஏற்றார்.

1911 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினர் தேர்தலில் நின்றார். உடனே சில செய்தித்தாள்கள் அவரை வெளிநாட்டுக்காரி என்று எழுதின. 15 வருஷத்துக்கு மேல் பிரெஞ்சுக் குடிமகளாக இருந்தவரை! ஒன்றிரண்டு ஓட்டில் தோற்றார். அந்த வருஷக் கடைசியில் அவரை இன்னொரு விஞ்ஞானியோடு சேர்த்து வைத்து எழுதினார்கள். வீட்டு முன்னால் கூட்டம் கூடியது. மகள்களைக் கூட்டிக்கொண்டு தெரிந்தவர்கள் வீட்டில் போய் இருந்தார். மூத்த மகள் ஐரீனுக்கு அப்போது 14 வயது. என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவளை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அதே சமயத்தில்தான் அவருக்கு இரண்டாவது நோபல் பரிசு அறிவித்தார்கள். நோபல் குழுவில் ஒருவரே, பரிசு வாங்க வர வேண்டாம் என்று கடிதம் எழுதினார். மேரி அம்மையார் ஐரீனையும் பிரோன்யாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போய் வாங்கி வந்தார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. வெளிநாட்டுக்காரி என்று ஏசிய அந்த நாட்டுக்காகப் பரிசுப் பணத்தைப் போர்க் கடன் பத்திரத்தில் போட்டார். தங்கப் பதக்கங்களையும் உருக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார், வங்கியில்தான் வாங்க மறுத்துவிட்டார்கள். வண்டிகளில் எக்ஸ்ரே கருவியைப் பொருத்திப் போர்முனைக்குக் கொண்டுபோனார். வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஐரீனும் கூடவே போனாள். சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அந்த எக்ஸ்ரே உதவியது என்று கணக்கிடுகிறார்கள்.

இவ்வளவு செய்தவர் பிரான்சில் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஏனென்றால் பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1944-இல்தான். அவர் 1934-இலேயே இறந்துவிட்டார்.

போலந்து 1918-இல் மறுபடி தனி நாடானது. 1932-இல் வார்சாவில் ரேடியம் நிலையம் திறந்தபோது மேரி அம்மையார் போய்வந்தார். தன் மகள்கள் இருவருக்கும் போலிஷ் மொழி கற்றுக்கொடுத்திருந்தார். பெயரையும் முழுசாக விடவில்லை, ஸ்குவோடோவ்ஸ்கா கியூரி என்றும் கையெழுத்துப் போடுவார்.

1934 ஜூலை 4-இல் இறந்தார். ரேடியத்தோடேயே வருஷக்கணக்கில் இருந்ததால் இரத்தம் கெட்டுப்போயிருந்தது. பியரியின் பக்கத்திலேயே புதைத்தார்கள். அக்கா பிரோன்யாவும் அண்ணனும் போலந்திலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவந்து அந்தக் குழியில் போட்டார்கள். 1995-இல் இருவர் உடலையும் எடுத்து, பிரான்சின் பெரியவர்களை வைக்கும் பாரிஸ் பாந்தியோனுக்குக் கொண்டுபோனார்கள். தன் சொந்தச் சாதனைக்காக அங்கே இடம் பெற்ற முதல் பெண் அவர்தான். அன்றைக்குப் பிரான்சு ஜனாதிபதியும் வந்தார், போலந்து ஜனாதிபதியும் வந்தார். கல்லறையில் கியூரி, ஸ்குவோடோவ்ஸ்கா என்று இரண்டு பெயரும் இருக்கிறது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி