எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

இணைய வலையில் ஒரு செய்தி எவ்வழியே செல்லவேண்டும் என்பதை ரூட்டர் என்னும் கருவிகள் தீர்மானிக்கின்றன. அவற்றுட் பல கையாளும் கணக்கு முறையை வகுத்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் ஹாலந்து தேசத்தார். இவர் 1930-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆந் தேதி ராட்டர்டாம் நகரிற் பிறந்தார். தந்தையார் இரசாயன ஆசிரியர். தாயார் கணிதத்தில் வல்லவர். இளமையிற் சட்டம் பயின்று ஐக்கிய நாட்டுச் சபையில் தம் நாட்டின் பிரதிநிதியாய் விளங்க விரும்பிய இவர், பின்னர் லைடன் சர்வகலாசாலையிற் பௌதிகம் பயிலப் புகுந்தார். 1951-இல் கேம்பிரிட்ஜில் நடந்த கணிப்பொறி வகுப்பொன்று இவர் வாழ்க்கையைத் திருப்பிற்று. மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில் நிரல் எழுதுபவராய் அமர்ந்தார். அந்நாளில் அதனை ஒரு தொழிலாகக் கருதினோர் அரியர். 1957-இல் விவாகப் பதிவின்போது தம் தொழில் அதுவே என்று இவர் குறிப்பிட, நகராட்சியார் ஏற்க மறுத்தனர். பௌதிக அறிஞர் என்றே எழுத நேர்ந்தது.

இவர் பெயரை நிலைநிறுத்திய காரியம் அதற்கு முந்திய ஆண்டு நிகழ்ந்தது. ஆர்மாக் என்னும் புதிய கணிப்பொறியைப் பொதுமக்களுக்குக் காட்ட, கணிதம் அறியாதாரும் விளங்கிக்கொள்ளத்தக்க வினா ஒன்று வேண்டியிருந்தது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மிகக் குறுகிய வழி யாது என்பதை இவர் தேர்ந்தார். ஒருநாள் தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்மணியோடு கடைவீதியில் அலைந்து களைத்து, காப்பிக்கடை முற்றத்தில் அமர்ந்திருக்கையில், இருபது நிமிஷத்தில் விடை தோன்றிற்று. கையில் காகிதமுமில்லை, பென்சிலுமில்லை; அதனாலேயே முறை எளிதாய் அமைந்தது என்று பிற்காலத்தில் எண்ணினார். புறப்படும் ஊரிலிருந்து பார்க்க, தூரம் இன்னும் முடிவாகாத ஊர்களுள் மிக அருகிலுள்ளதை முதலில் முடிவு செய்யவேண்டும். அவ்வூர் வழியாய்ச் சென்றால் அதன் அண்டை ஊர்களுக்குத் தூரம் குறையுமாயின் திருத்திக்கொள்ளவேண்டும். மீண்டும் மீண்டும் இவ்வாறே. முறை இவ்வளவே. 1959-இல் இது மூன்றே பக்கக் கட்டுரையில் வெளிவந்தது.

முப்பது ஆண்டு கழித்து, 1989-இல், ஓ.எஸ்.பி.எஃப். என்னும் வழிகாட்டு நெறி முதன்முதல் வரையறுக்கப்பட்டபோது இம்முறையே அதற்கு உயிராயிற்று. அந்நெறிப்படி ஒவ்வொரு ரூட்டரும் தன்னோடு இணைந்தவற்றை அண்டையிலுள்ள ரூட்டர்களுக்கு அறிவிக்கும். அறிவிப்புகள் கைமாறிப் பரவ, ஒரு பிரிவிலுள்ள யாவும் ஒரே படத்தைப் பெறும். பின் ஒவ்வொன்றும் தன்னை மூலமாக வைத்து டைக்ஸ்ட்ராவின் கணக்கைச் செய்யும். இங்கு ஓர் ஆபத்து உண்டு. கணக்குப் பிழைபடாது; ஆனால் படம் மெய்யோ பொய்யோ என்று அது ஆராயாது. அண்டையாரைத் தேடி ரூட்டர் தன் வாயில்தோறும் வழக்கமாகப் பத்து விநாடிக்கு ஒருமுறை வணக்கம் கூறும். ஒரு விடுதியின் கணிப்பொறிகளை மட்டும் நோக்கிய வாயிலில் அவ்வணக்கத்திற்கு விடையிறுக்க வேறு ரூட்டர் இல்லை. ஆயினும் விஷமி ஒருவன் ரூட்டர்போல் நடிக்கும் கருவியை அங்கே பொருத்துவானாயின், அதுவும் அண்டையாகிப் பொய்ப் படத்தைப் புகுத்தும். மற்ற ரூட்டர்கள் பிழையின்றிக் கணக்கிட்டே தவறான வழியிற் செய்திகளைச் செலுத்தும்.

ஆகவே இத்தகைய வாயிலைப் பாசிவ் இன்டர்பேஸ், அதாவது வாளாவிருக்கும் வாயில், ஆக்கிவிடுவர். அங்கே ரூட்டர் வணக்கம் கூறாது, வந்த வணக்கத்தையும் ஏற்காது, அண்டையுறவு உண்டாகாது. விடுதியின் செய்திகள் போவதும் வருவதும் நிற்பதில்லை. விடுதியின் முகவரித் தொகுதியைப் பிற வாயில்கள் வழியே அறிவிப்பதும் நிற்பதில்லை. புதியோர் மயங்குவது இவ்விரண்டிலேதான். வேறொரு ரூட்டரை நோக்கிய வாயிலை மறதியால் இவ்வாறு ஆக்கிவிட்டாலோ, உறவு அறுந்து அவ்வாயில் வழியே கற்ற பாதைகள் மறையும். ரிப் என்னும் பழைய நெறியில் இச்சொல்லின் பொருள் சற்று வேறு: அங்கே வாயில் தான் பேசாதே தவிர, பிறர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்நெறி டைக்ஸ்ட்ராவின் கணக்கைக் கையாள்வதுமில்லை.

டைக்ஸ்ட்ரா 1962-இல் ஐந்தோவன் நகரத் தொழில்நுட்பக் கலாசாலையிற் கணிதப் பேராசிரியரானார். 1972-இல் டூரிங் பரிசு பெற்றார். 1984-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் சர்வகலாசாலைக்குச் சென்று 1999 வரை கற்பித்தார். நிரல் சரியென்பதை இயக்கிப் பார்த்து நம்புதல் போதாது, தர்க்கத்தால் நிறுவவேண்டும் என்று ஓயாது வற்புறுத்தினார். கடுஞ்சொல்லர், அதனால் மனம் நொந்தோரும் உண்டு. தம் கருத்துக்களை ஊற்றுப்பேனாவால் எழுதி, தபாலிற் சிலருக்கு மட்டும் அனுப்புவார். அவர்கள் படியெடுத்துத் தம் நண்பர்க்கு அனுப்ப, அவை மேலும் பரவும். அவ்வாறு எழுதியவை 1,300-க்கு மேற்பட்டன. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆந் தேதி ஹாலந்தில் நூனன் என்னும் ஊரிற் காலமானார். அவர் கையெழுத்துப் படிகள் டெக்ஸாஸ் சர்வகலாசாலையிற் காக்கப்பட்டு வருகின்றன.