முப்புரி கண்ட மேதை

சந்தையிற் கயிறு வாங்குவோர் அதன் புரிகளை நோக்கியே வாங்குவர். ஒற்றைப் புரி எளிதில் அறும். மூன்று புரி முறுக்கேறிய கயிறோ பெரும் பாரத்தையும் தாங்கும். முப்புரி நூலின் உறுதியைத் திருமறையும் எடுத்தோதுகின்றது. நம் தோலையும் எலும்பையும் தசைநாரையும் தாங்கிநிற்கும் கொல்லாஜன் என்னும் புரதமும் அத்தகைய முப்புரியே என்று உலகிற்கு உணர்த்தியவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8 ஆம் நாள் எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் பௌதிகம் பயின்றபின், 1942 இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் கற்கப் புகுந்தார். அவரது கூர்மதியைக் கண்ட சர். சி. வி. இராமன் அவரைத் தம் பௌதிகத் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று ஆராய்ந்து மீண்ட அவர், 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் தலைவரானார்.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொல்லாஜனின் அமைப்பு இன்னும் துலங்கவில்லை என்று அவருக்குச் சுட்டினார். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கங்காரு வால் நாரைப் பெற்று, எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தனர். மூன்று புரதச் சங்கிலிகள் இணைந்த வடிவை 1954 இல் வெளியிட்டனர். அவை ஒன்றையொன்று முறுக்கித் தழுவி நிற்பதை 1955 இல் தெளிவுறுத்தினர்.

அவ்வாண்டே சோதனை வந்தது. கிரிக், ரிச் என்னும் அறிஞர் இருவர், அவ்வடிவில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று மறுத்தனர். பிணைப்புக்களைப் பற்றிய அவரது கருத்தில் ஒரு பகுதி பின்னர் நிலைபெறவில்லை. முப்புரி என்னும் மூலக்கருத்தோ அசையாது நின்றது. மறுப்பைக் கேட்டு அவர் மனம் தளர்ந்தாரல்லர். அணுக்கள் எத்துணை நெருங்கலாம் என்பதையே புதிய ஆராய்ச்சியாக மேற்கொண்டார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் மாணாக்கரோடு 1963 இல் அவர் வெளியிட்ட படம், புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் திரும்பலாம் என்பதைக் காட்டியது. இராமச்சந்திரன் படம் என்று அவர் பெயராலேயே வழங்கும் அதுவே, புரத வடிவுகளின் பிழையறியும் உரைகல்லாக இன்றும் விளங்குகின்றது.

கொல்லாஜனைக் காய்ச்ச, முப்புரி பிரிந்து ஜெலாட்டின் ஆகும். அது நீருடன் சேர்ந்து உறைந்தால், நுங்கினைப் போலத் தன்னுள் நீர் நிறைந்தும் உருக்குலையாது நிற்கும். இத்தகைய நீர்க்கூழ்களும், செயற்கைப் பல்லுறுப்பிகளால் ஆகிய கூழ்களும், இன்று உயிரணுக்கள் பற்றிப் படரும் பந்தல்களாகப் பயன்படுகின்றன. 1981 இல் சுண்டெலியின் கருவினின்றும், 1998 இல் மனிதக் கருவினின்றும் பிரித்து வளர்க்கப்பெற்ற ஸ்டெம் செல்களையும் அவற்றில் வளர்த்து ஆராய்கின்றனர். அப்பந்தலுக்கு இயற்கை தந்த முன்மாதிரி கொல்லாஜனே.

1977 இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. நோபெல் பரிசு கிட்டவில்லை. முதுமையில் நோயுற்ற அவர், 1998 இல் துணைவியார் இராஜலட்சுமியையும் இழந்து, 2001 ஏப்ரல் 7 இல் சென்னையில் மறைந்தார்.

பிழை சுட்டுவோரைப் பகைவரென்று எண்ணுதல் நம்மனோர் இயல்பு. சுட்டிய பிழையையே படியாக்கி மேலேறியவர் இராமச்சந்திரன். மாணவ நண்பர்காள், அவ்வழியை நாமும் மேற்கொள்வோமாக.