பின்னால் ஓடட்டும், நாம் முன்னால் இருப்போம்!

லேப்ல மும்முரமா கோட் அடிச்சிட்டு இருப்போம். எப்பவோ கிளிக் பண்ணின அப்ளிகேஷன் ஒண்ணு அப்பத்தான் திறந்து, முன்னால வந்து நிக்கும். பாதி வரி இங்கே, மீதி வரி அங்கே. விண்டோ ஃபோகஸ் போச்சு, கூடவே நம்ம யோசனையும் போச்சு!

ஒரு வேலை பின்னால் ஓட, நாம் முன்னால் நிம்மதியாக உட்கார வேண்டும் என்ற ஆசைக்கு வயது அறுபதுக்கும் மேல். அதற்கு வழி யோசித்த முன்னோடிகளில் ஒருவர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி.

1916 நவம்பர் 16 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ஆலிவர், எதிரிகளின் ரகசியக் குறியீடுகளை உடைத்தவர். அம்மா ரே, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். அப்போ பையன் கேம்பிரிட்ஜில் கோல்டு மெடல்தானே? அதுதான் இல்லை. படிப்பின் நடுவே மனம் உடைந்து போனார். கடைசியில் கிடைத்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் கீழ்ப்பிரிவு. பிறகு ரேடியோ வால்வு ஆராய்ச்சியில் கொஞ்ச காலம், அப்புறம் பள்ளி ஆசிரியர் வேலை.

1951-இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பைலட் ஏஸ் கம்ப்யூட்டர் அவருக்கு அறிமுகமானது. அதில் டிராஃப்ட்ஸ் விளையாட ஒரு ப்ரோக்ராம் எழுதிப் பார்த்தார். மெமரி பத்தவில்லை. மான்செஸ்டரில் பெரிய மெஷின் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆலன் டூரிங் எழுதிய கையேட்டை வாங்கிப் படித்து அங்கே போனார். மெஷினே தன் ப்ரோக்ராமைச் சோதிக்கிற மாதிரி ஒன்று எழுதச் சொன்னார் டூரிங். நம்ம டீபக்கருக்குத் தாத்தா மாதிரி! ஸ்ட்ரேச்சி நீளமான ப்ரோக்ராமோடு வந்து ஒரு ராத்திரி முழுக்க மெஷினோடு தனியாக உட்கார்ந்தார். காலையில் அது பிரிட்டனின் தேசிய கீதத்தை வாசித்தது. வாத்தியார் வேலைக்குப் பதில் முழுநேரக் கம்ப்யூட்டர் வேலை தேடி வந்தது. 1952-இல் டிராஃப்ட்ஸும் ஓடியது.

அந்த ராத்திரியில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒருத்தர் பிழை தேடித் தலையைச் சொறியும் நேரமெல்லாம் அத்தனை விலை உயர்ந்த மெஷின் சும்மா நிற்கும். மெஷினை வீணாக்கக் கூடாது என்றால் மனுஷனை எழுப்பி அனுப்ப வேண்டும். அவர் யோசனை அறுந்துபோகும். 1959-இல் பாரிஸில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் ஸ்ட்ரேச்சி இதற்கு ஒரு வழி சொன்னார். கன்சோலில் ஒருவர் தன் ப்ரோக்ராமை டீபக் செய்யட்டும். அவர் யோசிக்கும் இடைவெளியில் வேறொரு ப்ரோக்ராம் பின்னால் ஓடட்டும். முன்னால் இருப்பவருக்கு அது தெரியவே கூடாது. இதற்கு அவர் வைத்த பெயர் டைம் ஷேரிங். பல பேர் ஒரே நேரத்தில் ஒரு மெஷினைப் பயன்படுத்தும் டைம் ஷேரிங், அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தி தனியாக யோசித்தது.

பிறகு கேம்பிரிட்ஜில் சிபிஎல் என்ற மொழியை உருவாக்கிய குழுவில் இருந்தார். அதிலிருந்து பிசிபிஎல், அதிலிருந்து பி, அதிலிருந்து நம்ம சி! ஆக்ஸ்ஃபோர்டில் ப்ரோக்ராமிங் ஆராய்ச்சிக் குழுவைத் தொடங்கினார். 1975 மே 18 அன்று, 58 வயதில், கல்லீரல் அழற்சியால் இறந்தார்.

இன்று லினக்ஸ் டெர்மினலில் கட்டளையின் கடைசியில் '&' போட்டால் அது பின்னணிக்குப் போய்விடும். ஆனாலும் அந்த அப்ளிகேஷனின் விண்டோ முன்னால் குதிக்கலாம். காரணம், ப்ராசஸைப் பார்த்துக்கொள்வது கெர்னல்; ஃபோகஸ் யாருக்கு என்று முடிவு செய்வது விண்டோ மேனேஜர். ரெண்டும் வேற வேற. மேக்கில் 'ஓப்பன்' கட்டளையோடு 'ஜி' ஆப்ஷன் சேர்த்தால் அப்ளிகேஷன் பின்னாலேயே திறக்கும், நாம் டைப் பண்ணும் இடம் மாறாது.

அடுத்த தடவை ஒரு பெரிய கம்பைலைப் பின்னால் ஓடவிட்டு நீங்க பாட்டுக்கு எழுதிட்டு இருக்கும்போது, அந்த ஸ்கூல் வாத்தியாரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அவர் மார்க் ஷீட்டையும் சேர்த்துத்தான்!